கட்டிலிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி?

*கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். கீழக்கரையில் உம்மா தனியாக இருக்கிறார், வயது 78. பக்கவாதம் வந்ததில் இடது பக்கம் சரியாக வரவில்லை. ஆள் பிடித்தால் நாலடி நடப்பார். ராமநாதபுரத்தில் ஒன்று, கடலோரத்தில் ஒன்று என இரண்டு பராமரிப்பு இல்லங்களைப் பேசி வைத்திருக்கிறோம். இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார்கள். கடலோரத்து இல்லம் புதுசு. ஏசி, டிவி, தோட்டம் எல்லாம் இருக்கிறது, மாதம் 28,000 ரூபாய். அடுத்த மாதம் பத்து நாள் லீவில் வருகிறேன். நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?*

பதில்: வரும்போது பையில் ஓர் இன்ச் டேப் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தையும் டிவியையும் அவர்களே காட்டிவிடுவார்கள். நீங்கள் உம்மாவுக்குக் கொடுக்கப்போகும் கட்டிலில் போய் உட்காருங்கள். அங்கிருந்து கழிவறைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை அவர் எப்படிப் போய் வரப்போகிறார் என்று அந்த வழியிலேயே நடந்து பாருங்கள். வீடியோவில் இது மட்டும் வந்திருக்காது.

முதலில் கட்டில். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். கால் தொங்கினால் அவருக்கு அது உயரம். பழைய மருத்துவமனைக் கட்டில்களை வாங்கிப் போடும் இடங்களில் இந்தத் தொல்லை அதிகம். அடுத்தது கழிவறைக் கதவு. கதவைத் திறந்து வைத்து நடுவில் கிடைக்கும் இடத்தை அளந்து பாருங்கள், 90 சென்டிமீட்டர் வேண்டும். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களும் இந்த அளவைத்தான் சொல்கின்றன. நம் பக்கத்துக் கொத்தனார்களுக்கு பாத்ரூம் கதவு என்றால் இரண்டரை அடி என்பது மனப்பாடம். நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக மிஞ்சும் இடத்தில் சக்கர நாற்காலி நுழைந்தால், தள்ளுகிறவரின் விரல் முட்டி தேயும். உள்ளே போன பிறகு நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு வெறும் தரை வேண்டும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். என் பெரியம்மாவை ஓர் இல்லத்தில் விட்டிருந்தோம். சுத்தமான இடம், நல்ல சாப்பாடு. ஒரு நாள் விடியற்காலையில் கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். அவர் கிடந்ததோ கதவுக்குப் பின்னால். தள்ளினால் அவர் இடுப்பில்தான் இடிக்கும். கீல் ஆணியை உளியால் தட்டி எடுத்து, கதவைக் கழற்றி உள்ளே போக அரை மணி நேரம் ஆனது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டியிருந்தாலோ, வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாளுடன் நகர்த்தும் கதவு போட்டிருந்தாலோ அந்த அரை மணி நேரம் இல்லை. இடம் தேடும்போது நானும் தோட்டத்தைத்தான் பார்த்தேன்.

சுவரில் பிடிகம்பி இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்தால் போதாது. உங்கள் உடல் எடை முழுவதையும் அதில் போட்டுத் தொங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். உம்மா விழப்போகும்போது அப்படித்தான் தொங்குவார். இடது கை வராதவருக்கு இடது பக்கச் சுவரில் மட்டும் கம்பி இருந்து பயனில்லை. அவர் உட்காரும் நிலையில் வலது கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். கழிவறைக் கோப்பையின் இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் எழுவது சுலபம். தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நடந்து பார்க்கலாம். அதற்கு அவர்கள் முகம் சுளித்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிக்க என்ன தண்ணீர் என்று கேளுங்கள். கடலோரத்து போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதா, லாரியா, தொட்டி எத்தனை லிட்டர், மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் என்ன ஏற்பாடு? படுக்கையில் இருப்பவர்களுக்குத் துணி மாற்றும் இடத்தில் தண்ணீர் பற்றாக்குறையாக இருந்தால் என்ன ஆகும் என்பது மூக்குக்கே தெரிந்துவிடும். ஆகவே காலையில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று எண்ணிவிடலாம். அழைப்பு மணியை நீங்களே அழுத்தி, ஆள் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்க்கலாம்.

அப்புறம் தீ. உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஆனால் நடக்க முடியாதவரை மாடியில் வைத்து, இரவில் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தாலும் கட்டிப்போட்டதாகத்தான் அர்த்தம். வெளியேற இரண்டாவது வழி எது, அது இரவிலும் திறக்குமா என்று கேளுங்கள். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தால் நான் அத்தோடு இறங்கி வந்துவிடுவேன். தீயணைப்பானில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, முள் பச்சையில் நிற்கிறதா, கடைசியாகச் சோதித்த தேதி என்ன என்பதெல்லாம் ஒரு நிமிட வேலை.

காகிதங்களில் இரண்டைக் கேளுங்கள். முதியோர் இல்லமாக மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். டிரிப் ஏற்றுவது, குழாய் வழி உணவு என்று செவிலியர் சிகிச்சையும் தருகிறோம் என்றால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியும் பதிவு வேண்டும். ‘எல்லாம் அப்ளை பண்ணியாச்சு’ என்பது பதில் ஆகாது.

28,000 ரூபாயில் வரி சேர்ந்திருக்கிறதா? வருமான வரிச் சட்டத்தில் பதிவான அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயது நிரம்பியவருக்கு, தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. உங்கள் தொகை அதைத் தாண்டுகிறது. டயப்பர், மருந்து, பிசியோதெரபி தனியா என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

*கேள்வி: உச்சிப்புளியில் எங்கள் பூர்வீக வீட்டை எட்டுப் படுக்கை உள்ள பராமரிப்பு இல்லமாக மாற்ற நானும் தம்பியும் நினைக்கிறோம். வீடு கட்டி முப்பது வருஷம் ஆகிறது. கைப்பிடிக் கம்பிகளுக்குக் கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. நல்ல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்கிறார். நம்பலாமா?*

பதில்: காந்தத்தை நம்பாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் எஸ்எஸ் குழாயில் 202, 304, 316 என்று மூன்று ரகம் அடிக்கடி காதில் விழும். மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. மதுரையில் கேட் போட்டால் பல வருஷம் பளபளக்கும். உச்சிப்புளி உப்புக் காற்றில் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். 304 அதைவிடப் பரவாயில்லை, இருந்தாலும் காலப்போக்கில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறும். உப்பைத் தாங்குவதற்காகவே மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்த ரகம் 316. விலை அதிகம் என்பதால் வீடு முழுக்க வேண்டாம். கழிவறை, குளியலறை, வாசல் சாய்தளம் இந்த மூன்று இடங்களில் 316 போடுங்கள். பில்லில் ரகத்தை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை.

குழாய் 316 வாங்கிவிட்டு, பிளம்பர் பையிலிருந்து எடுக்கும் சாதா திருகாணியைப் போட்டால் பணம் வீண். பிடிகம்பி பிடுங்கிக்கொண்டு வரும்போது குழாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது, திருகாணியின் கழுத்துதான் அரித்துப் போயிருக்கும். வட்டத் தகட்டின் கீழ் சுவரில் கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே ஆணி பாதி தின்னப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஆணியும் அதே ரகத்தில் வேண்டும். டைல்ஸுக்குப் பின்னால் செங்கல் சுவரிலோ கான்கிரீட்டிலோ ஆழமாக இறங்க வேண்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள், உப்பு படிந்து நிற்பதுதான் எமன்.

கம்பியைவிட எனக்குக் கவலை உங்கள் வீட்டின் கூரை. கடலோரச் சூழலில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் குறைந்தது 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கடல் சாரல் படும் இடமென்றால் 50. அந்தக் காலத்துக் கொத்தனார் அவ்வளவு விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சன்ஷேடின் அடிப்பக்கம் வெடித்துக் கம்பி தெரிகிறதா, சுத்தியலால் தட்டினால் பொக்கென்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். படுத்திருப்பவருக்கு மேலே இருக்கும் சீலிங் என்பதால் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்காமல் ஒரு கட்டில்கூடப் போடாதீர்கள்.

சாய்தளக் கணக்கு பலருக்கும் உதைக்கும் இடம். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். உங்கள் வாசலில் அரையடிப் படி மூன்று இருந்தால் ஒன்றரை அடி ஏற்றம், பதினெட்டு அடி நீளம் வேண்டும். பைக் ஏற்றுவதற்குப் போடுகிற செங்குத்துச் சரிவில் சக்கர நாற்காலியை ஏற்றவும் முடியாது, இறக்கினால் ஆளே முன்னால் விழுவார். நேராக நீட்ட இடம் இல்லையென்றால் நடுவில் சமதளம் விட்டு மடக்குங்கள்.

இன்னொன்று. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் முதியோர் இல்லம் என்பது குடியிருப்பு வகையில் வராது. அது நிறுவனக் கட்டடம் என்ற தனி வகை, தீப் பாதுகாப்புக் கணக்கும் வேறு. கட்டட அனுமதி வீடு என்ற பெயரிலேயே கிடந்தால் பின்னால் சிக்கல். உள்ளாட்சியிலும் தீயணைப்புத் துறையிலும் முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் குழாய்க் கடைக்குப் போங்கள்.

*கேள்வி: மண்டபத்தில் இருக்கிறோம். மாமனார் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிறார். ஃபவ்லர் கட்டிலும் (தலைப்பக்கம், கால்பக்கம் ஏற்றி இறக்கும் மருத்துவமனைக் கட்டில்) படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தையும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?*

பதில்: இரண்டு மூன்று மாதத்தில் எழுந்து நடப்பார் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் வாடகை. வாங்கினால் அந்தக் கட்டில் பிறகு வீட்டில் துணி போடும் இடமாகிவிடும். எடுக்கும்போது நான்கு சக்கரத்தின் பிரேக்கையும் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள். கைப்பிடியைச் சுழற்றித் தலைப்பக்கம், கால்பக்கம் இரண்டையும் ஏற்றி இறக்குங்கள். பக்கத் தடுப்பு தானாக இறங்கக் கூடாது. பெயின்ட் உரிந்த இடத்தில் துரு இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், மண்டபத்தில் அது நிற்காமல் பரவும். தேங்காய் நார் மெத்தை என்றால் தண்ணீர் புகாத உறை கட்டாயம்.

காற்று மெத்தை மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், அந்தச் சின்ன மோட்டாரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். அந்த மெத்தை இருக்கிறது என்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள். இடுப்பில் அறுவை என்பதால் எப்படிப் புரட்டுவது என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே செவிலியரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

*கேள்வி: தொண்டியிலிருந்து எழுதுகிறேன். ஓர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்து 60,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். சக்கர நாற்காலி வசதி உண்டு என்றார்கள். போய்ப் பார்த்தால் கழிவறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். இருபதாம் நாள் அழைத்து வந்துவிட்டோம். பணம் திரும்பக் கிடைக்காது என்கிறார்கள்.*

பதில்: அந்த இரண்டு படிதான் உங்கள் வழக்கு. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். படிகளைப் படம் எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் துணி, மருந்து எடுக்கப் போகும் சாக்கில் எடுத்துவிடுங்கள். அவர்களின் விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாள் கெடு கொடுத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், நீங்களே எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள், சில இடங்களில் அதற்கே பணம் வந்துவிடுகிறது.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இல்லம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இருபது நாள் தங்கியதற்கான நியாயமான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். முழுத் தொகையையும் கேட்டால், அம்மா சாப்பிட்ட சாப்பாட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.