மறதி நோய் உள்ளவரைத் தனியாக வெளியே அனுப்பலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. டிமென்ஷியாவின் தொடக்க நிலை என்று ஆறு மாதங்களுக்கு முன் மருத்துவர் சொன்னார். கோயிலுக்கும் கடைக்கும் இன்னும் தனியாகத்தான் போய் வருகிறார். இரண்டு முறை வழி தவறிவிட்டார். கேட்டைப் பூட்டி வைப்பதா, தொடர்ந்து அனுப்புவதா?

பதில்:

நீங்கள் சொல்லும் இரண்டையும் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். என் மாமனாருக்கு இப்போது 76 வயது. அல்சைமர் வகை மறதி நோய் என்று உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் வீடு. அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டையில் இருந்த வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தே போய் வந்தவர் அவர். முதலில் வழக்கம்போல அனுப்பினோம். பிறகு பயந்துபோய்ப் பூட்டினோம். பூட்டிய மூன்று மாதங்களில் அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, பகலெல்லாம் உறங்கி, இரவில் கதவருகே நின்று தாழ்ப்பாளை ஆட்டத் தொடங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் மறுபடியும் கதவைத் திறந்தோம். எனவே, பூட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இப்போது அனுப்புகிற மாதிரியே அனுப்பிக்கொண்டும் இருக்காதீர்கள்.

மாமனார் எங்கே தடுமாறுகிறார் என்பதை அறிய, சில நாட்கள் அவருக்குத் தெரியாமல் பத்தடி பின்னால் நடந்தேன். நேரான தெருவில் அவருடைய நடையில் எந்தக் குறையும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு, பழைய வேகத்திலேயே போவார். முச்சந்தி வந்ததும் கால்கள் நின்றுவிடும். இடமும் வலமும் பார்ப்பார். வலது கை சட்டைப் பைக்குள் போய் எதையோ துழாவும். அந்த நேரத்தில் பின்னால் ஒரு வண்டி ஒலி எழுப்பினாலோ, நான்கு பேர் சேர்ந்து ஒரு பக்கம் நடந்தாலோ, அந்தப் பக்கமே அவரும் போய்விடுவார். பாதை முழுவதும் அவருக்கு மறந்துவிட்டது என்று அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் இந்த இரண்டு மூன்று திருப்பங்களில்தான் அவருக்கு ஆள் தேவைப்பட்டது.

இதற்கு மூளையில் காரணம் இருக்கிறது. நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை உணர்த்தும் உயிரணுக்கள் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் கண்டறிந்தார்; அதை ஒட்டிய என்டோரைனல் புறணியில் வரைபடக் கட்டங்களைப் போலச் செயல்படும் உயிரணுக்களை மோசர் தம்பதியினர் 2005இல் கண்டறிந்தனர்; மூவருக்கும் 2014இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே பாதிக்கும் பகுதிகள் இவைதான். மருத்துவர் இதை ஒரு தாளில் வரைந்து காட்டிய அன்றுதான், "ஏன் இப்படிக் கவனமில்லாமல் போகிறீர்கள்" என்று மாமாவிடம் கோபித்துக்கொள்வதை என் கணவர் நிறுத்தினார். உங்கள் அம்மாவுக்குத் தைராய்டு, வைட்டமின் பி12 சோதனைகள் இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் செய்துவிடுங்கள். அவற்றின் குறைபாடும் மறதியை உண்டாக்கும், அதைச் சரிசெய்யவும் முடியும்.

பழைய அடையாளங்கள் மாறும்போது சிரமம் பல மடங்காகிறது. சேலத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பழைய பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு ஈரடுக்காகக் கட்டி 2023இல்தான் திறந்தார்கள். அதுவரை டவுன் பஸ்கள் போஸ் மைதானத்திலிருந்து புறப்பட்டன. எந்தத் தூணுக்குப் பக்கத்தில் எந்த ஊர் வண்டி நிற்கும் என்பது மாமாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்; ஆனால் அந்தத் தூணே அங்கே இல்லை. 2022இல் ஒரு நாள் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போவதாகக் கிளம்பியவர், சரியான வண்டியில்தான் ஏறியிருக்கிறார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஏற்காடு அடிவாரம் வரை போய்விட்டார். மாலை ஆறு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். டிக்கெட் வியர்வையில் ஊறிக் கூழாகியிருந்தது. அது கையில் இருக்கும்வரை யாரும் தன்னை இறக்கிவிட மாட்டார்கள் என்று நினைத்தாராம்.

வழி கேட்பதும் நாம் நினைப்பதுபோல் எளிதில்லை. "நேரே போயி, லெஃப்ட்ல திரும்பி, மூணாவது சந்து" என்று யாராவது சொன்னால், அவர் தலையாட்டிவிட்டு நேரே போவார். மற்ற இரண்டும் அதற்குள் கரைந்துவிடும். அதனால், அவருக்கு வழி சொல்பவர்கள் அடுத்த ஒரு திருப்பத்தை மட்டும் சொன்னால் போதும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறோம். கையை நீட்டிக் காட்டிச் சொன்னால் இன்னும் நல்லது.

கண்பார்வையில் வரும் மாற்றத்தைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்புரை அறுவை முடிந்து எழுத்தெல்லாம் தெளிவாகப் படிப்பவர், துணிக்கடை வாசலில் விரித்திருந்த கறுப்பு மிதியடியைப் பள்ளம் என்று எண்ணித் தாண்டப் போய் விழப் பார்த்தார். பளபளக்கும் தரை அவருக்குத் தண்ணீர் தேங்கியது போலத் தெரிகிறது. மரத்தின் நிழல் சாலையின் குறுக்கே விழுந்தால் அதன் விளிம்பில் காலை நீட்டிச் சோதித்துப் பார்க்கிறார். கண் பார்ப்பதை மூளை சரியாகப் பிரித்தறிவதில்லை. எனவே இறங்கும் படி, சாக்கடை மூடி, ஆட்டோவின் படி ஆகியவற்றின் அருகே "இங்க படி இருக்குங்க மாமா" என்று வாய்விட்டுச் சொல்கிறோம்; கையைப் பிடித்து இழுப்பதில்லை, இழுத்தால் மிரண்டு பின்வாங்குகிறார்.

வண்டி ஓட்டுவதை நிறுத்தியதுதான் வீட்டில் மிகப் பெரிய துயரம். அவரிடம் பழைய டிவிஎஸ் 50 ஒன்று இருந்தது. மருத்துவர் நேரடியாக வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சர்வீஸுக்கு விட்டிருக்கிறோம் என்று நாங்கள் பொய் சொன்னோம், தினமும் காலையில் "வண்டி வந்துருச்சா கண்ணு?" என்று என்னிடம்தான் கேட்பார். ஏழு வாரம் கேட்டார். அந்தப் பொய் எனக்கு இன்றும் உறுத்துகிறது, ஆனாலும் வண்டியை நிறுத்தியது சரிதான் என்பதில் சந்தேகமில்லை.

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினால் கழற்றி எறிந்தார். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். கடைசியில் அவரோடு வேலை செய்த பட்டறைக்காரர் ஒருவர் வெள்ளியில் தட்டையான காப்பு ஒன்று செய்து, உட்புறம் "மறதி நோய்" என்றும் எங்கள் இரண்டு எண்களையும் வெட்டிக் கொடுத்தார். மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் இணைப்பை நெருடி, "பத்த வெச்சது சரியில்ல" என்றார். பிறகு தானே மாட்டிக்கொண்டார். மூன்று ஆண்டுகளாகக் கழற்றவில்லை. உங்கள் அம்மாவுக்கு வளையலோ, சங்கிலியில் கோத்த டாலரோ, எது ஏற்கெனவே பழக்கமோ அதிலேயே எண்ணைப் பொறித்துவிடுங்கள்.

மாலை நேரம் தனி. ஐந்தரை மணிக்கு மேல் குழப்பம் கூடுகிறது. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போலாம்" என்பார். இதுதான் வீடு என்று வாதாடினால் கோபம் வரும். செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, முன்வாசல் வழியாக உள்ளே வந்தால், பெரும்பாலான நாட்களில் வீடு வந்துவிட்டதாக அமைதியாகிவிடுவார். வெளி வேலைகளையெல்லாம் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

வெளியூர் போவதாக இருந்தால் பயணத்தைவிடத் தங்குமிடத்தைப் பற்றியே யோசியுங்கள். போன கோடையில் ஒரு திருமணத்துக்காக ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எண்ணைப் பார்த்துப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு அதே மனிதர் விடுதி அறையில் கழிப்பறைக் கதவைக் காணாமல் அலமாரியைத் திறந்துகொண்டு நின்று அழுதார். கழிப்பறை விளக்கை எரியவிட்டு, கதவைத் திறந்தே வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

தனியாக அனுப்புவதை எப்போது நிறுத்துவது என்று கேட்பீர்கள். வழி தவறுவதை நாங்கள் அளவுகோலாக வைக்கவில்லை. வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்க முடியாமல் சாலையின் நடுவில் நின்ற நாளன்று நிறுத்தினோம். இப்போது காலை நடையில் யாராவது ஒருவர் உடன் செல்கிறோம். திருப்பம் வரும்போது உடனே சொல்லிவிடாமல் சற்றுப் பொறுக்கிறோம். சில நாட்கள் அவரே சரியாகத் திரும்பிவிடுகிறார்.

எப்போதாவது காணாமல் போனால் ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடனே 112க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்துக்கும் போங்கள். அன்று காலை என்ன நிறப் புடவை என்பது நினைவில் இருக்க வேண்டும். கைபேசியில் அண்மைக்கால முழு உருவப் படம் இருக்க வேண்டும். பழைய வேலையிடம், பழைய வாடகை வீடு, பிறந்த வீடு இருக்கும் திசை ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு உண்மையில் உதவியது தெருவில் இருப்பவர்கள்தான். ஒன்றரை ஆண்டுகள் நாங்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசுவார்களோ என்ற கூச்சம். மாமா தொலைந்த மூன்று முறையும் அந்த ஒன்றரை ஆண்டுக்குள்தான். பிறகு அவர் போகும் பாதையில் திருப்பத்துக்கு ஒருவராக, முதல் சந்தில் இஸ்திரிக்காரர், அடுத்து பூக்காரம்மா, அதற்கப்பால் மளிகைக் கடைக்காரர் என்று மூன்று பேரிடம் போய் நோயின் பெயரைச் சொல்லி, எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. அதை நான் புரிந்துகொண்டது, இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு, அப்ப பேர் தெரியல" என்று சொன்னபோதுதான். அன்றிலிருந்து மாமா அந்தச் சந்தில் நின்றால் அவர் துணியை மடித்தபடியே, "இந்தப் பக்கம் வாங்கய்யா" என்று கையைக் காட்டுவார். உங்கள் அம்மா கோயிலுக்குப் போகும் வழியில் எத்தனை திருப்பங்கள் என்று இன்றே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் யாரிடம் சொல்லலாம் என்பது நடந்து போனாலே தெரிந்துவிடும்.