பூங்காவுக்கு யார் வரவில்லை என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எங்கள் பகுதியில் இருக்கும் பழைய பூங்காவை மேம்படுத்தப் போகிறார்களாம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒரு நகரம் தன் பூங்காக்களை எப்படித் திட்டமிடுகிறது? அந்தக் கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதினான்கு ஆண்டுகளாகப் பூங்கா வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரிக் கூட்டங்கள் பலவற்றில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கும்: "உள்ளே என்னென்ன வைக்கலாம்?" ஊஞ்சல், உடற்பயிற்சிக் கருவி, நீரூற்று என்று பட்டியல் நீளும். எனக்கு அந்தப் பட்டியலில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. இப்போது அந்தப் பூங்காவுக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். என்ன வைக்க வேண்டும் என்பது அந்தப் பதிலிலிருந்தே தெரிந்துவிடும்.

நகர அளவில் வேலை ஒரு கணக்கெடுப்பில் தொடங்கும். எத்தனை பூங்கா இருக்கிறது, எவ்வளவு பரப்பு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்று வரைபடத்தில் குறிப்பார்கள். நகர்ப்புற வனவியல் பேராசிரியர் செசில் கோனைனன்டைக் 2021இல் முன்வைத்த 3-30-300 என்ற அளவுகோல் இப்போது பல இடங்களில் பேசப்படுகிறது. வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரமாவது தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமையான பொது இடம் இருக்க வேண்டும். நல்ல அளவுகோல்தான். ஆனால் அந்த 300 மீட்டரை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டால் நடுவில் இருக்கும் ரயில் பாதையும், கடக்க முடியாத பெருஞ்சாலையும், பூங்காவின் நீண்ட சுற்றுச்சுவரும் கணக்கில் வராது. பூங்காவை ஒட்டியே வீடு இருக்கும், ஆனால் வாசல் மறுபக்கம் இருப்பதால் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். நான் பார்த்த வேலைகளிலேயே குறைந்த செலவில் அதிகப் பயன் தந்தது, அப்படிப்பட்ட ஒரு சுவரில் இன்னொரு வாசல் திறந்ததுதான். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு அன்றைக்குத்தான் பூங்கா கிடைத்தது என்று சொல்லலாம்.

அடுத்தது, போய்ப் பார்ப்பது. இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் மாலை எட்டிப் பார்ப்பது போதாது. விடியற்காலை, உச்சி வெயில், பள்ளி விடும் நேரம், இருட்டிய பிறகு, மழை விட்ட மறுநாள் என்று பல வேளைகளில் போய், யார் எங்கே உட்கார்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். வில்லியம் எச். வைட் என்ற ஆய்வாளர் நியூயார்க்கின் பொது இடங்களைப் படம் பிடித்தும் எண்ணியும் இதைத்தான் செய்தார். ஒரு இடத்தில் பெண்களின் பங்கு குறைவாக இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. நகரின் நடுவே இருந்த பிரையன்ட் பார்க், 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகிப்போயிருந்தது. தெருவைவிட உயரமான மேடை, சுற்றிலும் இரும்பு வேலி, அடர்ந்த புதர்வேலி. உள்ளே நடப்பது வெளியே தெரியாது, உள்ளே போனவர் சட்டென்று வெளியேறவும் முடியாது. அந்த அமைப்பைத்தான் வைட் குறை சொன்னார். 1988இல் பூங்காவை மூடி, புதர்வேலிகளை எடுத்து, வாசல்களை அகலப்படுத்தி, 1992இல் திறந்தார்கள். தரையில் பதிக்காத, தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலிகளையும் நிறையப் போட்டார்கள். ஆட்கள் உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கொஞ்சமாவது நகர்த்திக்கொள்கிறார்கள் என்பதை வைட் முன்பே கவனித்திருந்தார். வெயில் நகர்ந்தால் நாற்காலியும் நகரும், நண்பர் வந்தால் பக்கத்தில் போகும். அந்தச் சின்னச் சுதந்திரத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வியன்னாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. அந்த நகரத்தில் 1990களில் செய்த ஆய்வில், ஒன்பது பத்து வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதைப் பார்த்தார்கள். பையன்கள் தொடர்ந்து வந்தார்கள். வீட்டில் விடவில்லை, படிப்பு அதிகமாகிவிட்டது என்று காரணம் சொல்லி அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்படி நிறுத்தவில்லை. விளையாட்டு இடம் என்று இருந்ததெல்லாம் கம்பி வலை அடித்த, ஒரே வாசல் கொண்ட பந்தாட்டக் கூண்டு. அந்த வாசலில் பெரிய பையன்கள் நின்றால் சிறுமிகள் உள்ளே போகமாட்டார்கள். சண்டை போட்டு இடம் பிடிப்பதைவிட வராமலே இருந்துவிடுவார்கள். 1999இல் ஐன்சீட்லர் பார்க் உள்ளிட்ட இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். கூண்டுக்குக் கூடுதல் வாசல், பெரிய திறந்தவெளிகளைச் சிறு சிறு இடங்களாகப் பிரிப்பது, வாலிபால் பேட்மின்டன் போன்ற ஆட்டங்களுக்கும் இடம் என்று மாற்றினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். வராதவர்களுக்கு விருப்பமில்லை என்று முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இருக்கிற பூங்கா என்றால் அதற்கு இன்னொரு வசதி உண்டு, அங்கே ஒற்றையடிப் பாதைகள் ஏற்கனவே விழுந்திருக்கும். புல்லை மிதித்து மிதித்து ஆட்கள் தாங்களே போட்ட பாதை. அதை வேலி போட்டு அடைக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து அப்படி அடைக்க விடாதீர்கள். தினமும் நூறு பேர் எங்கிருந்து எங்கே போக வேண்டியிருக்கிறது என்பதை அந்தத் தடம் காட்டுகிறது. வரைபடத்தில் நடைபாதையை அதன் மேல்தான் போட வேண்டும்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். வேலை நாளில், மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வர முடியும் என்று யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளைகள், நடக்கச் சிரமப்படுகிறவர், இவர்களெல்லாம் அந்த அறையில் இருக்கமாட்டார்கள். அதனால் நாங்கள் ஒரு முறை கூட்டத்தோடு நிறுத்தாமல், பூங்காவுக்குள்ளேயே ஒரு மேசையைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்தோம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது எல்லோரும் வேறெங்கோ பார்த்ததைச் சொன்னார்கள். "இங்கே வந்தால் என்ன செய்வீர்கள், எதற்காகக் கிளம்பிப் போய்விடுவீர்கள்?" என்று கேட்டபோதுதான் உண்மையான பதில்கள் வந்தன. கழிப்பறை இல்லாததால் அரை மணி நேரத்தில் போய்விடுகிறோம் என்றார்கள். ஒரு பாட்டி பெஞ்சைக் காட்டி, "உட்கார்ந்துடுவேன் தம்பி, எழுந்திருக்கத்தான் பிடிமானம் இல்லை" என்றார். நான் வரைந்திருந்த புது பெஞ்சுகளுக்கும் கைப்பிடி இல்லை. அன்றைக்கே மாற்றினேன். அதற்குப் பிறகு கைப்பிடி இல்லாத பெஞ்சை நான் வரைந்ததில்லை.

மழைநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல திட்டங்களில் இப்போதெல்லாம் பூங்காவுக்கு வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் வேலையும் சேர்ந்துவிடுகிறது. 2011 ஜூலையில் பெய்த பெருமழையில் மூழ்கி எழுந்த டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன், எங்காவபார்க்கன் என்ற பழைய பூங்காவை 20,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கும்படி மாற்றியது. சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் கான்கிரீட் கால்வாயாகக் கிடந்ததை உடைத்து வளைந்து ஓடும் ஆறாக்கி, 2012இல் திறந்தார்கள். உங்கள் பூங்காவில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள்.

பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கூட்டத்தில் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் ஆரம்ப காலப் பூங்கா ஒன்றில் அழகான நீரூற்று இருந்தது. திறப்பு விழாவில் குழந்தைகள் நனைந்து குதித்தார்கள். இரண்டாம் ஆண்டு மோட்டார் பழுதானது. பழுது பார்க்க எந்தக் கணக்கிலும் பணம் ஒதுக்கவில்லை. தொட்டி காய்ந்து, குப்பை சேர்ந்து, கடைசியில் சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்கள். அந்தக் கயிற்றைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. கட்டுவதற்குப் பணம் ஒரு முறை வரும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வேண்டும். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு கணக்கு, வேறு வேறு துறை. 1858இல் ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் போட்டியில் வென்று வடிவமைத்த நியூயார்க் சென்ட்ரல் பார்க்கே 1970களில் புல் தேய்ந்து, கட்டடங்கள் சிதைந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொள்ள 1980இல் தனியாக ஓர் அமைப்பு உருவான பிறகுதான் மீண்டது. அதே பூங்காவுக்காகத்தான் 1857இல் செனிகா வில்லேஜ் என்ற குடியிருப்பையே காலி செய்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், பலர் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள். யார் வரவில்லை என்று கேட்கும்போது, யார் அங்கிருந்து போக வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பூங்கா அழகானதும் பக்கத்தில் வாடகை ஏறி, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறுவது இன்றும் நடக்கிறது.

பெரிய மரங்கள் இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். வேலை நடக்கும்போது மண்வெட்டும் இயந்திரமும் லாரியும் மரத்தடியில் போய்வந்தால் மண் இறுகிவிடும். வேர்களுக்குக் காற்றும் நீரும் போகாது. மரம் உடனே சாகாது, சில ஆண்டுகள் கழித்து ஒரு பக்கமாகக் காயத் தொடங்கும். அப்போது ஒப்பந்ததாரர் இருக்கமாட்டார். ஆகவே வேலை தொடங்கும் முன்பே கிளைகள் விரிந்திருக்கும் அளவுக்கு மரத்தைச் சுற்றி வேலி போடச் சொல்லுங்கள். புதிய கன்றுகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தால், நீங்களும் இரண்டு மூன்று பேரும் முறை போட்டு, நாளுக்கு நான்கு வேளை பூங்காவுக்குப் போய் எண்ணுங்கள். பெண்கள் எத்தனை, சிறுமிகள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை, சக்கர நாற்காலியில் வந்தவர் உண்டா, எந்த மூலை எப்போதும் காலி. ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். கூட்டம் முடிந்ததும் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், டெண்டர் எப்போது விடுகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரைதான் ஒரு வாசலையோ பெஞ்சையோ இடம் மாற்றுவது சுலபம்.