கேள்வி–பதில்: பழைய போஸ்டரிலிருந்து எடுக்கலாமா?

கேள்வி: வரைகலை வடிவமைப்பு படிக்கிறேன். பழைய போஸ்டர்களின் எழுத்து, வண்ணங்களை என் வேலையில் பயன்படுத்தினால் நண்பர்கள் 'ரெட்ரோ' என்று பாராட்டுகிறார்கள். ஆசிரியர் 'காப்பி' என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வேலையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எடுப்பதே தவறு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதை எடுத்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

வியன்னாவின் ஆல்ஃபிரட் ரோலர், 'செசஷன்' என்ற கலைஞர் குழுவின் கண்காட்சிக்காக 1903இல் வரைந்த போஸ்டரைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் தன் கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் மெல்லிய கீறலாகச் சுருங்கியிருக்கும். முதலில் கண்ணில் படுவது மையின் கனம்தான்; வாசகம் பிறகுதான்.

1966இல் சான்பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் இசை அரங்குக்குப் போஸ்டர் வரைந்த வெஸ் வில்சன், இந்த எழுத்தைத்தான் எடுத்துக்கொண்டார். எடுத்தவர் கட்டத்தை உடைத்துவிட்டார். 'தி அசோசியேஷன்' இசைக்குழுவின் போஸ்டரில், பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் தீக்கொழுந்தாக மேலெழுகின்றன. இரு நிறங்களும் மோதுவதால் விளிம்புகள் அதிர்வதுபோல் தெரியும். நின்று, உற்றுப் படித்தால்தான் யார் பாடுகிறார்கள் என்பதே புரியும். இடத்தை எழுத்தால் அடைக்கும் முறை ரோலருடையது, நெருப்பு வில்சனுடையது.

அதே ஆண்டு, அதே ஊரில், ஸ்டான்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும் 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவின் போஸ்டருக்கு ரோஜா சூடிய எலும்புக்கூட்டைப் பயன்படுத்தினார்கள். உமர் கய்யாமின் 'ருபாயத்' கவிதைகளுக்கு ஆங்கிலேய ஓவியர் எட்மண்ட் சல்லிவன் வரைந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. வண்ணமும் எழுத்தும் புதிது. எலும்புக்கூடு ஏறக்குறைய அப்படியே வந்தது. அழகான போஸ்டர்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த எலும்புக்கூட்டை டி-ஷர்ட்டில் பார்க்கும்போதெல்லாம் சல்லிவனின் பெயர் அதில் இல்லையே என்று உறுத்துகிறது. நீங்கள் எடுத்தால், யாருடையது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

பழுப்புக் கறையையும் கசங்கிய மடிப்பையும் கணினியில் ஏற்றுவதை விட்டுவிடுங்கள். அவை காகிதத்தின் வயது. ஓவியரின் பாணி அல்ல.

இப்போது ஒரு வேலை. கட்டம் போட்ட தாளில் ரோலரின் ஒரு வரியைக் கையால் வரையுங்கள். பிறகு அதே முறையில் உங்கள் ஊர்ப் பெயரை அடைத்துப் பாருங்கள். 'கு'வின் சுழிக்கு இடம் எங்கே? 'ம்' மீதுள்ள புள்ளி கட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா? 'கோ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் கட்டமா? ரோலரிடம் இதற்கெல்லாம் விடை கிடையாது. நீங்கள் கண்டுபிடிப்பதை ரோலரின் போஸ்டரோடு சேர்த்தே உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.