நானோ என்று ஒட்டினால் வெயில் கூடாது

கேள்வி: "300 வாட்" என்று ஒட்டிய சோலார் பனல், 68 சதமமீற்றர் நீளம், 50 அகலம். தோட்டத்துப் பம்ப் முக்குகிறது, தண்ணீர் ஏறவில்லை. பம்பில் பிழையோ?
– புதுக்குடியிருப்பு

பதில்: பம்பில் பிழையில்லை. உங்களை ஏமாற்றிவிட்டார்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றரில் விழுவது ஏறத்தாழ 1000 வாட். நல்ல சிலிக்கன் பனல் அதில் 20, 22 வீதத்தைத்தான் மின்னாக்கும். உங்களுடையது 0.34 சதுர மீற்றர். 75 வாட்டைத் தாண்டாது, சூடேறினால் அதுவும் குறையும்.

ஆதாரம் எடுத்து வையுங்கோ. பற்றரி, பம்ப் எல்லாம் கழற்றி, மத்தியானம் பனலை வெயிலுக்கு நேரே வைத்து மல்டிமீற்றரில் டீசி வோல்ட் பாருங்கோ. பிறகு சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி அம்பியர் பாருங்கோ. இரண்டையும் பெருக்கி, அதில் முக்கால்வாசி எடுத்தால் கிட்டத்தட்ட உண்மை வாட். 22 வோல்ட், 4 அம்பியர் என்றால் 66. பற்றுச்சீட்டோடு, வாங்கி 3 மாதத்துக்குள், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கோ. தொலைபேசி 1977.

கேள்வி: நானோ திரவம் பூசினால் மின் 40 வீதம் கூடுமாம். வீடு வீடாக விற்கிறார்கள். வாங்கலாமா?
– மாங்குளம்

பதில்: இந்த "நானோ"வைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். வெறும் கண்ணாடியின் முகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே 4 வீதம்தான். அதை முழுக்கத் தடுத்தாலும் 40 எங்கேயிருந்து வரும்?

உண்மையான நானோ வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். நல்ல பனலின் கண்ணாடியில் நுண்துளைச் சிலிக்காப் படலம், 100 நானோமீற்றருக்குச் சற்றுக் கூட (ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீற்றர்). அதன் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்க அந்தத் தடிப்பு வேண்டும். உள்ளே சிலிக்கனின் மேல் சிலிக்கன் நைத்திரைட்டு, 75 நானோமீற்றர் அளவில். பனலின் நீலம் அதனால்தான். அது இல்லாத மழமழ சிலிக்கன் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி எறியும். இந்தத் தடிப்பெல்லாம் பழந்துணியால் பூசி வருமோ? நானும் ஒரு போத்தல் வாங்கினேன். பூசிய பக்கத்தில் கிரவல் புழுதி கூடுதலாக ஒட்டியதுதான் மிச்சம்.

கேள்வி: சாம்பலும் தும்பும் போட்டு மினுக்கினோம். பனலில் கோடு கோடாக இருக்கிறது.
– பரந்தன்

பதில்: சட்டி மினுக்குகிற மாதிரி மினுக்கினால் வேறென்ன இருக்கும்? கண்ணாடியில் இருந்து உரஞ்சிப்போன அந்தச் சிலிக்காப் படலம் திரும்பாது. இனி விடியவே, மழைத்தண்ணீரும் மெல்லிய துணியும். கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்புக் கறை பிடிக்கும்.

கேள்வி: நீலப் பனலோ கறுப்போ நல்லது?
– வவுனியா

பதில்: கறுப்பு பொதுவாக அதே இடத்தில் கொஞ்சம் கூடத் தரும். என்றாலும் கடைக்கு அளவுநாடாவோடு போங்கோ.