பழைய சாம்ப்ளர்கள்: உறுப்பினர்கள் கேட்டவை

எழுத்து, எண், கரை, பூ என்று தையல் பழகுகிறவர்கள் ஒரே துணியில் போட்டுப் பார்ப்பதுதான் சாம்ப்ளர். நம் தையல் குழுவிடம் உள்ள பழைய சாம்ப்ளர்களைச் சில வருடங்களாக நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி துவைப்பதைப் பற்றியே இருந்தன. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குடும்பத்தில் வழிவழியாக வந்த சாம்ப்ளர் மஞ்சளித்துவிட்டது. பேபி ஷாம்பு போட்டு மெதுவாக அலசலாமா அக்கா?

வேண்டாம். தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பழைய சிவப்பு நூல் ஈரம் பட்டதுமே சாயம் விடக்கூடும். தொடக்கத்தில் நானும் ஒன்றை நனைத்துவிட்டேன். எழுத்துகளைச் சுற்றி லினனில் ரோஜா நிறம் படர்ந்தது. அது போகவே இல்லை. கறுப்பு, அடர்பழுப்பு நூல்களின் பிரச்சினை வேறு. அந்த நிறம் பிடிக்க இரும்பு உப்பு சேர்ப்பார்கள். நாளாக ஆக அந்த இரும்பே நூலை அரித்துவிடும். கறுப்புத் தையல் இருந்த இடத்தில் வெறும் ஊசித் துளைகள் மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

தூசியை மட்டும் எடுங்கள். துணிமேல் மெல்லிய நைலான் வலையை விரித்து, வேக்குவம் கிளீனரை ஆகக் குறைந்த வேகத்தில் சற்று உயரத்தில் பிடித்தால் போதும். நூல் பிரிந்து தொங்கினால் அதுவும் வேண்டாம், துணிப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வருடம் தைக்கப்படவில்லை. காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் வடிவத்தைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய சாம்ப்ளர்கள் பெரும்பாலும் நீளமாக, குறுகலாக, வரிவரியாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் சதுரத்தை நெருங்கி, சுற்றிலும் கரை வந்துவிடுகிறது. ஆங்கில எழுத்து வரிசையில் ‘ஜே’, ‘யூ’ இரண்டும் இல்லையென்றால் பழையது என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், பழைய மாதிரியைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் அப்படியே தைத்திருக்கிறார்கள். தேதி உள்ள பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது 1598இல் ஜேன் போஸ்டாக் தைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம், பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தைத்தவர்களே பின்னாளில் வயது தெரியக்கூடாது என்று வருடத்தின் இலக்கங்களைப் பிரித்துவிடுவது உண்டு. துளைகள் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: சுவரில் மாட்டலாமா?

வெயில் வராத சுவர் என்றால் சில மாதம் மாட்டலாம். அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை. மங்கிய சாயம் திரும்பாது. உங்கள் சாம்ப்ளரைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள், அசல் பச்சையும் நீலமும் அங்கேதான் மிச்சம் இருக்கும். சட்டம் போடும்போது கண்ணாடி துணியில் படக்கூடாது. பசை, டேப் எதுவும் வேண்டாம். அமிலம் இல்லாத அட்டைமேல் பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, அதில் சாம்ப்ளரைத் தைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பளி நூலில் அந்துப்பூச்சி.

பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம். வெளியே எடுத்ததும் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். மணி, வண்ணப்பூச்சு உள்ளவற்றை இப்படி வைக்கக்கூடாது.

கேள்வி: நானே தைத்தது நெடுநாள் நிற்க என்ன செய்ய?

கை கழுவிவிட்டு உட்காருங்கள். எழுந்திருக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் தையல் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், அதன் தடம் போவது கஷ்டம். பெயரும் வருடமும் கட்டாயம் தையுங்கள். பெயர் இல்லாத வேலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

கேள்வி: பழையதில் ஒரு வரி பாதியில் நிற்கிறது. அதே நிற நூல் என்னிடம் இருக்கிறது, முடித்துவிடட்டுமா?

தொடாதீர்கள். 1830 வாக்கில் எலிசபெத் பார்க்கர் என்ற பணிப்பெண் தன் துயரமெல்லாம் சிவப்புப் பட்டு நூலில், பூவோ கரையோ இல்லாமல், வெறும் எழுத்தாகத் தைத்து வைத்தார். அதுவும் மேற்கண்ட அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கடைசி வாக்கியம் நடுவிலேயே நின்றுவிடுகிறது. யாரும் அதை முடித்து வைக்கவில்லை. உங்களுடையதைக் கட்டக் காகிதத்தில் தையலுக்குத் தையல் வரைந்துகொண்டு, புதுத் துணியில் முழுதாகப் போடுங்கள். இரண்டையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்வோம்.