படுக்கப் போகாமல் தள்ளிப்போடும் ராத்திரிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பீடி சுற்றுகிறேன். சோறு பொங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மறுநாளைக்கு இலை நனைத்து வைத்து, எல்லாச் சோலியும் முடிய ராத்திரி 10.30 ஆகிவிடும். கண் சொக்கும், ஆனாலும் படுக்க மனசு வராது. போனை எடுத்தால் 1 மணி. குழாயில் தண்ணீர் வரும் என்று 5 மணிக்கு எந்திரிக்க வேண்டும். பகலில் விரல் ஓடமாட்டேன் என்கிறது. கடையில் கழிவு அதிகம் என்கிறார்கள். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். இது தூக்கம் வராத வியாதியா?
– வாசகி, முக்கூடல்

பதில்: இல்லை. அந்த வியாதி உள்ளவர்களுக்குப் படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. உங்களுக்குக் கண் சொக்குகிறது, படுக்கத்தான் போவதில்லை. யாரும் எதுவும் தடுக்காதபோதும், தானே நினைத்த நேரத்துக்குப் படுக்காமல் தள்ளிப்போடுவதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் தனிப் பழக்கமாக வரையறுத்தார்கள். சோம்பல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விடிந்தது முதல் கடைக்கும் வீட்டுக்குமாக உழைத்தவருக்குத் தனக்கென்று கிடைப்பதே 10.30 மணிக்கு மேல்தான். அதை விட்டுக்கொடுக்க மனசு வராததில் தப்பில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். உங்களுக்கு 4 மணி நேரம்தான். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் பகுதியில் வந்துவிடும். கனவு வரும் தூக்கம் பின்பகுதியில்தான் கூடுதலாக வரும். உங்களுக்கு வெட்டுப்படுவது அதுதான். மனசைச் சமன்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. பிள்ளைகள் மேல் வரும் கோபத்தை உங்கள் குணம் என்று எண்ணிக் குமைய வேண்டாம்.

முதலில் உங்களுக்கான நேரத்தை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். 8.30 முதல் 9 வரை அரை மணி நேரம் உங்களுடையது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பாத்திரம் கழுவுவதையோ இலை நனைப்பதையோ வீட்டுக்காரரோ மூத்த பிள்ளையோ எடுத்துக்கொள்ளட்டும். இது நடக்காமல் மற்ற யோசனை எதுவும் நிலைக்காது.

அடுத்தது பலர் கவனிக்காத விஷயம். அசந்து உட்கார்ந்த பிறகு பல் தேய்ப்பதும் பாய் விரிப்பதும் கொசுவலை கட்டுவதும் மலையாகத் தெரியும். அதைத் தட்டிக்கழிக்கத்தான் கை போனுக்குப் போகிறது. 9.30-க்குள் இவை எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். கையையும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். பீடித் தூளில் உள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். அது விழிப்பைக் கூட்டும் சரக்கு.

போனை அடுப்படியில் சார்ஜ் போடுங்கள். காலையில் எழுப்ப ஒரு மேசைக் கடிகாரம் போதும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் முடிவுள்ள ஒன்றைப் பாருங்கள்: ஒரு நாடகம், இரண்டு பாட்டு. ரீல்ஸுக்கு முடிவே கிடையாது.

ஒரே நாளில் 10 மணிக்குப் படுக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள். கண் சொக்கினாலும், 1 மணிக்குப் பழகிய உடம்புக்கு அப்போது உடனே தூக்கம் பிடிக்காமல் போகலாம். ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று பலர் விடுவது இந்த இடத்தில்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை படுக்கும் நேரத்தை 15 நிமிஷம் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். படுத்து 20 நிமிஷமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கின வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் வந்து படுங்கள்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். வாரம் முழுக்க 5 மணி நேரத் தூக்கம். ஞாயிறு 11 மணி வரை தூங்கி ஈடுகட்டலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அசதி கொஞ்சம் தீரும், பாக்கி முழுதும் அடையாது. அதோடு ஞாயிறு ராத்திரித் தூக்கம் தள்ளிப்போய்த் திங்கட்கிழமை பாழாகும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள், போதும். படித்தது மனசில் நன்றாகப் பதியவும் தூக்கம் வேண்டும். நள்ளிரவுக்கு மேல் படிக்கும் பாடத்தை வெள்ளன எழுந்து படியுங்கள்.

கேள்வி: வாழைத்தார் லோடு ஏற்றி ராத்திரி வண்டி எடுப்பேன். பகலில் படுக்காமல் போனிலேயே பொழுது போய்விடுகிறது. 3 மணிக்குக் கண் செருகுகிறது. டீ குடித்தால் போதாதா?
– வாசகர், களக்காடு

பதில்: போதாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் அளவுக்குக் குறையும். நம் சட்டம் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் வரம்பே 30 மில்லிகிராம்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி கண் செருகினால் வண்டி 65 மீட்டருக்கு மேல் ஆளில்லாமல் ஓடுகிறது என்று பொருள். முகத்தில் தண்ணீர் அடிப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்து, உடனே 20 நிமிஷம் படுங்கள். காபி வேலை செய்ய அரைமணி நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அரைமணிக்கு மேல் தூங்கிவிட்டால் மந்தம் தெளியும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். இது அவசரத்துக்குத்தான். வீடு வந்ததும் ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, போனை அணைத்துப் படுங்கள். சாயங்காலம் வண்டி எடுக்குமுன் இன்னொரு ஒன்றரை மணி நேரம் படுத்தால் நல்லது.

கேள்வி: என் கணவர் 8 மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி வழிகிறார். குறட்டையும் உண்டு.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: குறட்டை நடுவில் 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் வியாதியாக (ஸ்லீப் ஆப்னியா) இருக்கலாம். இதற்கு நேரத்தோடு படுப்பது மட்டும் தீர்வாகாது. போனில் வீடியோ எடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நெஞ்சக நோய் மருத்துவரிடமோ காட்டுங்கள். காலைத் தலைவலியும் ரத்தக் கொதிப்பும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கட்டும். மதுவும், தானாக வாங்கும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும், இரண்டும் கூடாது.