வாசகர் கேள்வி – பதில்: போர்ட்ஸ்னெல் பிரபு நல்ல தந்தையா?

கேள்வி: மோட்டோ ஹாகியோ வரைந்த ‘போ குலம்’ என்னும் ஜப்பானிய மங்காவில் (சித்திரக்கதைத் தொடரில்), எட்கரையும் மேரிபெல்லையும் தம் மக்களாக வைத்திருக்கும் போர்ட்ஸ்னெல் பிரபுவை நல்ல தந்தை என்று சொல்ல முடியுமா?
– வாசகி ஒருவர், கோத்தகிரி.

பதில்: முடியும் என்றே நான் கருதுகிறேன். 1972-இல் தொடங்கிய அத்தொடரில் அவர் பெற்ற தகப்பன் அல்லர். இரத்தக்காட்டேரிக் குலத்தவரான அவர், மனைவி ஷீலாவோடும் இவ்விருவரோடும் சேர்ந்து, ஊரார் கண்ணுக்கு ஒரு பிரபுக் குடும்பமாகத் தோன்றும்படி வாழ்கிறார். எட்கர் என்றும் 14 வயதிலேயே நின்றுவிட்டவன் ஆதலால், பிள்ளைகள் வளரவில்லையே என்று அக்கம்பக்கத்தார் ஐயுறுவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்து வேறு ஊர் போக வேண்டியிருக்கிறது. அவருடைய கண்டிப்பைக் குலப்பெருமையின் இறுமாப்பு என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கோ, குடும்பம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சமே அதில் தெரிகிறது. தங்கை மேரிபெல்லைக் காப்பதற்காகவே அக்குலத்தில் சேர்ந்த எட்கருக்கு அவர்மீது எழும் வெறுப்பும் நியாயமானதே. மூடுபனி இறங்கி, எதிர்வீட்டு விளக்கும் மறையும் உங்கள் ஊர் மாலைப்பொழுது ஒன்றில், அவரும் எட்கரும் முரண்படும் பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்துப் படித்துப் பாருங்கள்.